இருபது முளைகளும் ஒரு ஜோடிக் காதும்

பஸ் டிப்போவில் அவருக்குப் பெயர் 'காது'. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததே தவிர, வேறு எதற்கும் உதவவில்லை. ஓடுகிற இஞ்சின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். "மூணாவது சிலிண்டர்ல வால்வு தட்டுது" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான் தட்டிக்கொண்டிருக்கும். டிரைவர்கள் அவரிடம் கதை விட மாட்டார்கள். கியரை யார் எப்படிப் படுத்தினார்கள் என்று வண்டியே அவரிடம் கோள் சொல்லிவிடும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், டிப்போவின் பின்சுவர் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மெல்லிசாக ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எந்த வண்டியிலோ ஃபேன் பெல்ட் கிறீச்சிடுகிறது என்று நினைத்து, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தேடப் போனார். எல்லா வண்டியும் அணைந்து கிடந்தது. சத்தம் வந்தது சுவருக்கு அந்தப் பக்கம், கால்வாய்க் கரைப் புல்லுக்குள்ளிருந்து. அரைமணி நேரம் முட்டி தேயத் தவழ்ந்து கண்டுபிடித்தார். விரல் நுனி நீளத்துக்கு ஒரு பச்சைப் பூச்சி. வெட்டுக்கிளிக்குத் தூரத்துச் சொந்தம் போலிருந்தது. முதுகில் பழுப்புக் கோடு, உடம்பைவிட நீளமான மீசை. இறக்கை இரண்டையும் ஒன்றோடொன்று உரசி, இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு சத்தம் போட்டது. அவரே அதற்கு 'ஊசிக்கிளி' என்று பெயர் வைத்தார்.

பூச்சிகளைப் பற்றிக் கணக்கெடுக்கிற அலுவலகம் ஒன்று நகரத்தில் இருந்தது. அங்கே ஒரு கடிதம் போட்டார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் அதிகாரி ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு பூச்சியைப் பார்த்து அவள் போட்ட சந்தோஷக் கூச்சலில் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு கிளீனர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கண்ணால எண்ண முடியாது சார், புல்லோட புல்லா ஒட்டிக்கிடக்கும். காதாலதான் எண்ணணும்" என்றாள். "ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே ஆள். ஆள் மாறினா காது மாறிடும். காது மாறினா போன வருஷ நம்பரையும் இந்த வருஷ நம்பரையும் பக்கத்துல வச்சுப் பார்க்கவே முடியாது."

"அப்ப அந்த ஒரே ஆள் நான்தான்" என்றார் காது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்தான்.

கரையோரம் இருபது மரமுளைகளை அடித்து நட்டார். வெயில் மாதங்களில் சனிக்கிழமை தோறும் சரியாகப் பதினோரு மணிக்கு ஒன்றாம் முளையில் போய் நிற்பார். இரண்டு நிமிடம் மூச்சைக்கூட அடக்கிக் கேட்பார். எத்தனை இடத்திலிருந்து சத்தம் வருகிறதோ அத்தனையை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த முளைக்கு நகர்வார். அந்த வருஷத்தில் எந்தச் சனிக்கிழமை அதிகம் கேட்டதோ அதுதான் அலுவலகத்துக்குப் போகும். முதல் வருஷம் நூற்றுப் பன்னிரண்டு. பத்து வருஷம் நூறை ஒட்டியே ஓடியது. பிறகு எண்பது, ஐம்பது, முப்பது என்று சரிந்தது. போன வருஷம் பதினான்கு. இந்த வருஷம் இதுவரை கேட்டதில் அதிகம் ஒன்பது.

டிப்போவுக்கு நாற்பது புது பஸ் வரவிருந்தது. நிறுத்த இடமில்லை. பின்சுவரை இடித்து, அந்தப் புல்லின்மேல் கால்வாய் வரை சிமெண்டுத் தளம் போட மேனேஜர் திட்டம் வைத்திருந்தார். அவர் மேல் தப்பில்லை, பஸ்ஸைத் தலையிலா தூக்கி வைத்துக்கொள்ள முடியும்? ஆனால் பூச்சி அலுவலகம் ஒரு விஷயம் சொல்லியிருந்தது. ஊசிக்கிளி இப்போது நடுப்பட்டியலில் இருக்கிறது. இன்னும் ஆபத்தில் விழவில்லை, விழப் போகிறது என்கிற பட்டியல். இந்த வருஷக் கணக்கு பத்துக்குக் கீழே போனால் அடுத்த பட்டியலுக்குப் போய்விடும். அதில் ஏறிவிட்டால் சட்டம் வந்து புல்லுக்குக் காவல் நிற்கும், சிமெண்டு உள்ளே வர முடியாது.

ஒன்பது என்று எழுதிவிட்டுக் காது முதல் பக்கத்தைப் புரட்டி நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டார். அதே ஒன்பதுதான் மிச்சம் இருப்பவற்றைக் காப்பாற்றப் போகிறது என்பதும் தெரியும். டிப்போவில் பாதிப் பேர் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை பாக்கி இருந்தது.

இந்த நேரத்தில்தான் தங்கை வந்து சேர்ந்தாள். அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். பதினேழு பிள்ளைகளை மேய்த்து மேய்த்து, வீட்டுக்கு வந்தாலும் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்கிற சுபாவம்.

"அண்ணா, பாடப் புத்தகத்துல உன் பூச்சி இருக்கிற நடுப்பட்டியலைப் பத்தி ஒரு பாடம் வந்திருக்கு. 'அச்சுறுநிலையை அண்மித்த இனங்கள்'னு போட்டிருக்கான். என் பசங்களுக்கு அதை வாசிக்கவே நாக்கு சுளுக்குது. நீ வந்து சொல்லேன்."

"எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பாடம் எடுக்கத் தெரியாது."

"பத்தொன்பது வருஷமா பூச்சி பூச்சின்னு எங்க காதைத் துளைச்சியே, அதை அந்தப் பதினேழு பேர்கிட்ட போய் துளை."

வெள்ளிக்கிழமை போனார். குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்து நின்றுகொண்டே பேசினார். பூச்சிகள் இல்லாவிட்டால் பூ காய்க்காது, பறவைக்குச் சாப்பாடு கிடைக்காது என்பதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஊசிக்கிளி நடுப்பட்டியலில் இருக்கிறது என்று சொன்னதும்தான் சிக்கல்.

"கிளின்னா பேசுமா?" என்றது முதல் பெஞ்சு.

"அது கிளி இல்ல, பூச்சி."

"செத்துப் போச்சா?" என்றாள் ஒரு பெண். வகுப்பில் அவளுக்குப் பெயர் கேள்விப்பெட்டி.

"சாகல."

"சாகப் போகுதா?"

"இப்போதைக்கு இல்ல."

"அப்ப நல்லாத்தானே இருக்கு? அதுக்கு என்னதான் மாமா பிரச்சனை?"

தங்கை பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் மூன்று டயர் வரைந்தார். அதில்தான் அவருக்குக் கை வந்தது.

"இந்த டயர் புதுசு. இது வெடிச்சுப் போச்சு. நடுவுல இருக்கிறதைப் பாருங்க. ஓடுது. பஸ்ல உட்கார்ந்திருக்கிற யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா வரி வரியா மேல இருக்குமே, அது தேஞ்சு, 'இனி மாத்தணும்'னு டயர்ல போட்டிருக்கிற அடையாளம் வரைக்கும் வந்துடுச்சு. வெடிக்கட்டும்னு காத்திருப்பீங்களா, இப்பவே ஏதாவது பண்ணுவீங்களா?"

"இப்பவே!" என்று பதினேழு பேரும் கத்தினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவனும் சேர்ந்து கத்தினான்.

"அவ்வளவுதான் நடுப்பட்டியல். அழுறதுக்கு உண்டானது இல்ல, கவனிக்கிறதுக்கு உண்டானது."

பெருமை தாங்கவில்லை அவருக்கு. அந்த மிதப்பில், மறுநாள் கடைசிக் கணக்கெடுப்பைப் பார்க்க வரலாம் என்று வகுப்பு முழுவதையும் கூப்பிட்டுவிட்டார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. பதினேழு தொப்பிகள் கரையோரம் வரிசையாக நின்றன. "மூச்சு விடுற சத்தம் கூட கேட்கக் கூடாது" என்று தங்கை மிரட்டியிருந்தாள். ஒன்றாம் முளை. காது கண்ணை மூடிக்கொண்டார். காற்று புல்லை வருடியது. தூரத்தில் யாரோ ஒரு பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்கள். இரண்டு நிமிடம் முடிந்ததும் வருத்தத்தோடு தலையாட்டி, பூஜ்யம் என்று எழுதினார். வகுப்பு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

இரண்டாம் முளையிலும் பூஜ்யம். அங்கே இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள், காது முறைத்தார். மூன்றாம் முளையில் அவர் பூஜ்யம் போட நோட்டைத் திறந்தபோது கேள்விப்பெட்டியால் அடக்க முடியவில்லை.

"மாமா, கத்துறதை எல்லாம் எண்ண மாட்டீங்களா?"

"எது கத்துது?"

"இதோ. அதோ அங்க ஒண்ணு. காது வலிக்குது மாமா."

விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். தம் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது. "எல்லாரும் கண்ணை இறுக்கி மூடுங்க" என்றார். "சத்தம் எந்தப் பக்கம்னு கை நீட்டுங்க. பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது."

பதினேழு கைகள் நீண்டன. பதினேழும் ஒரே புதரைக் காட்டின.

காது அந்தப் புதர் அருகே போய் மண்டியிட்டார். ஒவ்வொரு புல்தாளாக விலக்கினார். நான்காவது தாளில் அது உட்கார்ந்திருந்தது. பச்சை உடம்பு, பழுப்புக் கோடு. இறக்கைகள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் உரசி நடுங்கிக்கொண்டிருந்தன. வலது காதை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனார். பிறகு இடது காதை. பூச்சி உயிரைக் கொடுத்துக் கத்தியது. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷமாக இப்படி? இஞ்சின் சத்தம் எல்லாம் அடித்தொண்டைச் சத்தம், அது அவருக்கு இன்றைக்கும் துல்லியமாகக் கேட்கிறது. அதனால் காது போய்க்கொண்டிருப்பதே தெரியவில்லை. மேலே, ஊசி நுனியில் இருக்கிற சத்தம் மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. பூச்சி குறைகிறது, பூச்சி குறைகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனாரே, அதில் எது பூச்சி, எது காது?

தங்கை வந்து பக்கத்தில் குந்தினாள். அவளுக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. "எனக்கு லேசா ஏதோ ஒண்ணு ரெண்டு கேட்குற மாதிரி இருந்தது அண்ணா. நீ எழுதலையேன்னு என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "யோசிச்சுக்கோ. நீ ஒன்பதுன்னு எழுதினா புல்லு இருக்கும். நிஜத்தை எழுதினா போயிடும்."

பிள்ளைகள் சுற்றி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை நல்ல காதுகள் இருக்கிற இடத்தில் ரகசியம் எங்கே பேச முடியும்?

"கம்மியா எழுதிடுங்க மாமா" என்றான், நேற்று தூங்கினவன். "நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

காதுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. எவ்வளவு சுலபம்! நோட்டில் ஒன்பது ஏற்கெனவே இருக்கிறது. பேசாமல் வீட்டுக்குப் போனால் போதும். அவர் மானமும் தப்பும், புல்லும் தப்பும். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். புல்தாளைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இல்லடா" என்றார் கடைசியில். "இன்னைக்கு நான் பொய் எழுதிட்டேன்னு வை. நாளைக்கு எவனாவது காது நல்லா இருக்கிறவன் இங்க வந்து நின்னா மொத்த நோட்டும் பொய்னு ஆயிடும். அப்புறம் ஒரு நாள் நெசமாவே ஒன்பதுக்கு வந்து நிக்கும். அன்னைக்கு யாரும் நம்ப மாட்டாங்க."

எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, எல்லாரையும் ஒன்றாம் முளைக்குத் திருப்பிக் கூட்டிப் போனார். புது முறை வகுத்தார். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எத்தனை இடத்திலிருந்து கேட்கிறதோ அத்தனை விரல் நீட்ட வேண்டும். எந்த எண்ணை அதிகம் பேர் காட்டுகிறார்களோ அதுதான் கணக்கு. முதல் முளையில் இரண்டு. அடுத்ததில் ஒன்று. மூன்றாவதில் மூன்று. அவர் முளைக்கு முளை நின்று, தனக்குக் கேட்காத பாட்டை மற்றவர் விரலில் வாசித்து எழுதினார்.

பதினான்காம் முளையில் பத்து விரலையும் விரித்துக்கொண்டு ஒருவன் அலறினான். "விரல் பத்தலை மாமா! இன்னும் ஒண்ணு இருக்கு!" பக்கத்தில் இருந்தவள் பெருந்தன்மையோடு தன் சுண்டு விரலை அவனுக்குக் கடன் கொடுத்தாள். காது திரும்பிக் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முளையில் ஐந்து வருஷமாகப் பூஜ்யம் எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் அதற்கு இரங்கல் வாசித்துவிட்டுத்தான் நகர்வார். அது என்னவோ அவர் முகத்துக்கு நேராகவே பாடிக்கொண்டிருந்திருக்கிறது. சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

கூட்டினால் அறுபத்தொன்று. பேனாவால் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்கும் கீழே இன்னொரு வரி எழுதினார்: "என் காது கெட்டுவிட்டது. எந்த வருஷத்திலிருந்து என்று தெரியவில்லை. கடைசி எட்டு வருஷக் கணக்கை நம்ப வேண்டாம்." அந்த வரியை எழுத, இருபது முளையை எண்ணியதைவிட அதிக நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தாள். அவள் தலையிலும் இப்போது நரை. நோட்டைக் கடைசி வரி வரை வாசித்தாள்.

"தப்பு எங்க பேர்ல சார்" என்றாள். "ஒரே காது வேணும், ஒரே காது வேணும்னு நாங்கதான் பிடிவாதமா சொன்னோம். அந்தக் காதுக்கும் வயசாகும்னு ஒருத்தருக்கும் தோணல. இன்னும் எத்தனை ஊர்ல எத்தனை பேர் இப்படிக் கேட்காம எழுதிட்டிருக்காங்களோ."

"அறுபத்தொண்ணுன்னா என்ன ஆகும் மேடம்?"

"நூத்துப் பன்னிரண்டு அறுபத்தொண்ணு ஆயிருக்கு. தேய்மானம் நெசம்தான். ஆனா இதை வச்சு அடுத்த பட்டியலுக்கு ஏத்த முடியாது. நடுவுலயேதான் இருக்கும். நடுவுல இருக்கிறதுக்குச் சட்டம் காவல் நிக்காது சார். கவனிக்கச் சொல்லலாம், கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்."

கேட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதம் இழுபறி. மேனேஜர் முகம் கடுகடுத்தார், அதிகாரி விடவில்லை. காது தம் பங்குக்கு, முன்வாசலில் பஸ்களைச் சாய்த்து நிறுத்தினால் இன்னும் எத்தனை கொள்ளும் என்று சாக்கட்டியால் தரையில் கோடு போட்டே காட்டினார். கடைசியில் முடிவானது இது. சிமெண்டு ஆறாம் முளையோடு நிற்கும். மீதிப் பதினான்கு முளையில் வருஷா வருஷம் எண்ண வேண்டும். எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே போனால் அன்றோடு அந்தப் பக்கம் எந்தக் கட்டட வேலையும் நடக்கக் கூடாது. எண்ணுகிறவர்களுக்கு வயது பதினைந்துக்குள் இருக்க வேண்டும்.

முதல் ஆறு முளையில் பதின்மூன்று ஊசிக்கிளிகள் பாடியிருந்தன. தளம் போட்ட அன்று காது விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். தான் வேறு எண்ணை எழுதியிருந்தால் அந்தப் பதின்மூன்றும் இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அடுத்த வெயிலில் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு. வேறு டீச்சர், ஆனாலும் பதினேழு பேரும் சனிக்கிழமை வந்துவிட்டார்கள். காது நோட்டுப் பிடித்தார், அவர்கள் விரல் நீட்டினார்கள். போன வருஷம் இந்தப் பதினான்கு முளையில் நாற்பத்தெட்டு. இந்த வருஷம் நாற்பத்தாறு.

"ரெண்டு குறைஞ்சிருக்கு" என்றாள் கேள்விப்பெட்டி.

"குறைஞ்சது குறைஞ்சதுதான். எழுதணும்" என்று அவர் எழுதினார்.

கிளம்புகிற நேரத்தில் அவள் மட்டும் நகரவில்லை. "மாமா, உங்களுக்கு இப்ப சுத்தமா கேட்கலையா?"

"சுத்தமா."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். வயசாச்சுன்னார். அதைச் சொல்ல எதுக்கு டாக்டர்?" என்று சிரித்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டேவிட்டார். "அது எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துட்டு வருது. நீ கொஞ்சம் செஞ்சு காட்டேன்."

அவள் உதட்டைக் குவித்தாள், வரவில்லை. பல்லைக் கடித்துக் காற்றை ஊதினாள். "ஸிப் ஸிப் ஸிப்" என்று, எச்சில் தெறிக்க, குக்கர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. "அப்படி இல்லடி" என்று மற்றவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். ஆளாளுக்குச் செய்து காட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான், ஒருவன் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு முயற்சி செய்தான், ஒருத்தி நாக்கை மடித்துக்கொண்டு ஊதினாள். கொஞ்ச நேரத்தில் பதினேழு பேரும் ஒரே குரலாக, தப்புத் தப்பாக, காது கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஊசிக்கிளியின் சத்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துவிட்டு, போட்டுக்கொள்ளாமலே கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார்.